500 டிகிரி, 4 மணி நேரம்: உலோக ஆக்சைடு வினையூக்கியைச் சூடாக்கப் பழகுவோருக்கு

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர் கையில் முதல் வாரமே ஒரு செய்முறைத் தாள் வந்துவிடும். வீழ்படிவாக்கு, வடிகட்டு, கழுவு, 110 டிகிரியில் உலர்த்து, 500 டிகிரியில் 4 மணி நேரம் சூடாக்கு. மற்ற வரிகளுக்கெல்லாம் யாராவது ஒரு காரணம் சொல்வார்கள். கடைசி வரிக்கு மட்டும் "எப்போதும் அப்படித்தான்" என்பதே பதில். நானும் வெகு நாள் அப்படித்தான் செய்தேன். அலுமினா (அலுமினிய ஆக்சைடு), டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு), செம்பு ஆக்சைடு, எது வந்தாலும் 500, 4 மணி. சில முறை நன்றாக வந்தது, சில முறை வரவில்லை. காரணம் தெரியாததால் நன்றாக வந்ததையும் திரும்பச் செய்ய முடியவில்லை.

அந்தக் கடைசி வரியை எப்படி முடிவு செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வகத்தில் இதற்குக் கால்சினேஷன் என்று பெயர். தமிழில் நீற்றுதல் என்ற நல்ல பழைய சொல் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு எடுப்பதும் வேதியியல் கணக்கில் இதே வேலைதான்: கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், ஆக்சைடு மிஞ்சும். கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

உலைக்குள் என்ன நடக்கிறது

சூடு ஏற ஏறச் சில மாற்றங்கள் வரிசையாக நடக்கின்றன. முதலில் ஒட்டியிருக்கும் நீர் போகும். அடுத்து மூலப்பொருள் சிதையும். நைட்ரேட்டாக இருந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பனேட்டாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ராக்சைடாக இருந்தால் நீராவி வெளியேறும். வாயு வெளியேறிய இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். ஒரு கிராம் பொடிக்குள் 100, 200 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தின் கொடை.

அதற்குப் பின் வருவதெல்லாம் அந்தப் பரப்பைத் தின்னும் வேலைகள். ஒழுங்கில்லாமல் கிடந்த அணுக்கள் படிகமாக அடுக்கப்படும். சிறு படிகங்கள் பக்கத்தில் உள்ளவற்றோடு ஒட்டிப் பெரிதாகும். இதைத்தான் சின்டரிங் என்கிறோம். இன்னும் சூடேற்றினால் ஒரு படிக வடிவம் வேறொன்றாக மாறும். தாங்கி எனப்படும் வேறொரு பொடியின் மேல் ஏற்றிய ஆக்சைடாக இருந்தால், தாங்கியும் அதுவும் வினைபுரிந்து புதுச் சேர்மம் ஒன்றைக் கொடுக்கலாம். சில ஆக்சைடுகள் ஆவியாகவே போய்விடும்.

ஆக, கீழே ஒரு எல்லை: மூலப்பொருள் முழுதாகச் சிதைய வேண்டும். மேலே ஒரு எல்லை: கெடுதல் அதற்கப்பால்தான் தொடங்கும். நமக்கு வேண்டிய வெப்பநிலை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. அதோடு, வினையூக்கி பின்னால் எந்த வெப்பநிலையில் வேலை செய்யப் போகிறதோ, அதைவிட 50 டிகிரியாவது மேலே நீற்றுவது வழக்கம். 400 டிகிரி வினைக்கு 350 டிகிரியில் நீற்றிய பொடியைப் போட்டால், வினைக்கலத்துக்குள் அது மாறிக்கொண்டே இருக்கும். அளந்த எண்களுக்குப் பொருள் இருக்காது.

முதல் வேலை: கழுவியது போதுமா?

சூடாக்குவதில் வரும் சிக்கல்களில் பாதி, கழுவும்போதே தொடங்குகிறது. சோடியம் ஹைட்ராக்சைடோ சோடியம் கார்பனேட்டோ ஊற்றி வீழ்படிவாக்கினால், சரியாகக் கழுவாத பொடியில் சோடியம் தங்கிவிடும். உலர்ந்த பொடியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உலைக்குள் போனதும் அது தன் வேலையைக் காட்டும். படிகங்கள் வேகமாகப் பெரிதாகும், மேற்பரப்பில் வினை நடத்தும் அமிலத் தளங்கள் செத்துப்போகும். குளோரைடும் அப்படித்தான், சின்டரிங்கைத் தூண்டும். குளோரைடு உப்பில் தொடங்கியிருந்தால், கழுவிய நீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கல் இல்லாமல் தெளிவாக நிற்கும்வரை கழுவுங்கள். சோடியத்துக்கு, கழுவிய நீரின் மின்கடத்துதிறன் மேற்கொண்டு குறையாத இடம்வரை போனால் போதும்.

இன்னொன்று பாதுகாப்பு பற்றியது, இதை மேலோட்டமாகப் படிக்காதீர்கள். உலோக நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் சேர்த்து வீழ்படிவாக்கினால் கரைசலில் அம்மோனியம் நைட்ரேட் உண்டாகும். அதைக் கழுவாமல் அப்படியே உலர்த்திச் சூடாக்குவது ஆபத்து. கூடவே கரிமப் பொருளும் இருந்தால் இன்னும் மோசம். சிட்ரிக் அமிலத்தோடு நைட்ரேட் சேர்த்துச் செய்யும் ஜெல் 200 டிகிரியை ஒட்டித் தானே பற்றிக்கொள்ளும். ஒரே நொடியில் பொங்கி, பஞ்சு போன்ற பொடி உலை முழுதும் பறக்கும். சிறிதளவு எடுங்கள். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பெர்குளோரேட் உப்பைக் கரிமப் பொருளோடு சேர்த்துச் சூடாக்குவது கூடவே கூடாது.

இரண்டாவது: கீழ் எல்லையை எடை சொல்லும்

உலர்ந்த பொடியில் 10 மில்லிகிராம் எடுத்து வெப்ப எடை ஆய்வுக் கருவியில், அதாவது டிஜிஏவில், காற்றோட்டத்தில் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 5 அல்லது 10 டிகிரி போதும். வெப்பநிலை ஏறும்போது எடை படிப்படியாக இறங்கும் கோடு கிடைக்கும். கடைசி இறக்கம் முடிந்து கோடு சமமாகும் இடம்தான் கீழ் எல்லையின் முதல் மதிப்பீடு.

கோட்டைப் பார்ப்பதோடு நிற்காமல் கணக்கும் போடுங்கள். மக்னீசியம் ஹைட்ராக்சைடு முழுதாக ஆக்சைடானால் எடையில் 30.9 சதவீதம் போக வேண்டும். நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டில் 74.3 சதவீதம் போய், 25.7 சதவீதம் நிக்கல் ஆக்சைடாக மிஞ்ச வேண்டும். இழப்பு 20 சதவீதத்திலேயே நின்றுவிட்டால், நீங்கள் நினைத்த சேர்மம் அங்கே இல்லை, அல்லது அது முழுதாகச் சிதையவில்லை. எடை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் போனால் பெரும்பாலும் உலர்த்தியது போதவில்லை என்று பொருள்.

இங்கே எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிஜிஏவில் இருப்பது 10 மில்லிகிராம், குரூசிபிளில், அதாவது உலைக்குள் வைக்கும் கிண்ணத்தில், இருப்பது 10 கிராம். சிறு மாதிரியிலிருந்து வாயு உடனே வெளியேறிவிடும். பெரிய குவியலின் அடியில் அது சிக்கிக்கொண்டு சிதைவைத் தள்ளிப்போடும். அதனால் டிஜிஏ காட்டும் வெப்பநிலைக்கு மேல் 50 டிகிரியாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: மேல் எல்லையை எங்கே தேடுவது

கருவி எதுவும் இல்லாமலேயே தொடங்கலாம். ஆக்சைடின் உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்குங்கள். இதை டாமன் வெப்பநிலை என்பார்கள். இந்த அளவில் படிகத்துக்குள் இருக்கும் அணுக்களே நகரத் தொடங்கும், சின்டரிங் வேகம் பிடிக்கும். மேற்பரப்பில் உள்ள அணுக்கள் அதற்கும் முன்பே, ஏறத்தாழ உருகுநிலையில் 0.3 பங்கில், அசையத் தொடங்கும்; அது ஹூட்டிக் வெப்பநிலை.

வனேடியம் பென்டாக்சைடு 690 டிகிரியில் உருகும். கெல்வினில் 963, பாதி 482, செல்சியஸில் வெறும் 209. அதாவது 500 டிகிரியில் வனேடியா நன்றாகவே ஓடியாடிக்கொண்டிருக்கும். டைட்டானியாவின் மேல் மெல்லிய படலமாக அது பரவுவதற்கு இந்த ஓட்டமே காரணம் என்பதால், அங்கே இது நல்லதுதான். செம்பு ஆக்சைடுக்கு இதே கணக்கு 525 டிகிரியை ஒட்டி வரும். டைட்டானியாவுக்கு 785, அலுமினாவுக்கு 900, சீரியாவுக்கு (சீரியம் ஆக்சைடு) 1060, மக்னீசியாவுக்கு (மக்னீசியம் ஆக்சைடு) 1290. இப்போது பழைய செய்முறைத் தாளைத் திரும்பப் பாருங்கள். மக்னீசியாவுக்கு 500 டிகிரி மிதமான சூடு, செம்பு ஆக்சைடுக்கு அது விளிம்பு. இரண்டுக்கும் ஒரே வரி எப்படிப் பொருந்தும்?

இது தோராயக் கணக்குதான், இதை வைத்து யாரோடும் சண்டை போடாதீர்கள். சின்னஞ்சிறு படிகங்கள் இதற்கு முன்பே வளரத் தொடங்கும். நீராவி இருந்தாலும் அப்படியே.

அடுத்துப் படிக வடிவ மாற்றம். அலுமினா இதற்கு நல்ல பாடம். போமைட் என்ற அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடை 450 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் காமா அலுமினா வரும், கிராமுக்கு 150 முதல் 300 சதுர மீட்டர்வரை பரப்போடு. 800 வாக்கில் டெல்டா, 1000 வாக்கில் தீட்டா, 1100 தாண்டினால் ஆல்ஃபா. ஆல்ஃபாவில் பரப்பு 10 சதுர மீட்டருக்கும் கீழே விழுந்துவிடும். திரும்பி வர வழியில்லை, எவ்வளவு மெதுவாகக் குளிர்வித்தாலும் ஆல்ஃபா ஆல்ஃபாதான். இதைத் தள்ளிப்போட லாந்தனம், பேரியம், சிலிக்கா ஆகியவற்றைச் சிறிதளவு சேர்ப்பார்கள். வாகனப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிகள் அவ்வளவு சூட்டைத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டைட்டானியாவில் கதை கொஞ்சம் வழுக்கும். அனடேஸ் வடிவம் ரூட்டைலாக மாறுவது தூய பொடியில் பெரும்பாலும் 600 முதல் 700 டிகிரிக்குள். ஆனால் வனேடியமோ செம்போ இரும்போ இருந்தால் அதற்கு முன்பே மாறும். டங்ஸ்டன், சிலிக்கா, ஜிர்கோனியா இருந்தால் தள்ளிப்போகும். யாரோ எழுதிய வெப்பநிலையை அப்படியே நம்ப முடியாததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒளி வினையூக்கத்தில் எல்லாரும் ஒப்பிடப் பயன்படுத்தும் பி25 என்ற வணிகப் பொடியில் ஏறத்தாழ 80 சதவீதம் அனடேஸ், 20 சதவீதம் ரூட்டைல். பரப்பு 50 சதுர மீட்டர் அளவில்தான். இரண்டு வடிவமும் கலந்திருப்பதைக் குறையாக அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஜிர்கோனியாவை (ஜிர்கோனியம் ஆக்சைடு) முதல்முறை டிஜிஏவோடு வெப்ப ஓட்டமும் சேர்த்து அளந்தபோது, 400 தாண்டியதும் ஊசி போல ஒரு வெப்ப உமிழ்வு வந்தது. கருவி பழுது என்றுதான் நினைத்தேன். ஒழுங்கில்லாத ஜிர்கோனியா ஒரே வீச்சில் படிகமாகும்போது வெளிவிடும் வெப்பம் அது. பெரிய குவியலாக இருந்தால் பொடி ஒளிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கணத்தில் உலையின் திரை காட்டும் எண் என்னவாக இருந்தாலும், பொடிக்குள் சூடு அதைவிட வெகு மேலே போயிருக்கும், பரப்பும் சட்டென்று சரிந்திருக்கும்.

தாங்கியோடு நடக்கும் வினையை நிறமே காட்டிக்கொடுக்கும். அலுமினா மேல் கோபால்ட் ஏற்றினால் மிதமான சூட்டில் கறுப்பு நிறக் கோபால்ட் ஆக்சைடு கிடைக்கும். 800 தாண்டி நீற்றினால் பொடி நீலமாகிவிடும். அது கோபால்ட் அலுமினேட், ஸ்பினெல் என்ற படிக வடிவம் கொண்டது. ஓவியர்கள் பயன்படுத்தும் கோபால்ட் நீலமும் இதே சேர்மம்தான். பார்க்க அழகு, ஆனால் அதைப் பிறகு ஹைட்ரஜனில் ஒடுக்கி உலோகமாக்குவது படாதபாடு. நிக்கலும் அலுமினாவோடு இப்படியே சேர்ந்துகொள்ளும்.

ஆவியாகிப் போவதில் மாலிப்டினம் ட்ரைஆக்சைடு பேர்போனது. அதன் உருகுநிலை 795 டிகிரி. ஆனால் அதற்கு வெகு முன்பே பதங்கமாகத் தொடங்கும், நீராவி இருந்தால் இன்னும் விரைவாக. உலையின் குளிர்ந்த ஓரத்தில் வெளிர் ஊசிகளாகப் படிந்திருப்பதைப் பார்த்தால், உங்கள் பொடியில் எழுதியிருக்கும் மாலிப்டின சதவீதம் இனி உண்மையில்லை. அடுத்தவர் மாதிரிக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

காற்றிலேயே ஆக்சிஜனை இழக்கும் ஆக்சைடுகளும் உண்டு. மாங்கனீஸ் டை ஆக்சைடு 500 முதல் 600 டிகிரிக்குள் ஆக்சிஜனை விட்டு வேறு ஆக்சைடாகும்; 900 தாண்டினால் இன்னொருமுறை. கோபால்ட் ஆக்சைடும் 900 டிகிரியை ஒட்டி இப்படி மாறும். எனவே "மாங்கனீஸ் ஆக்சைடு" என்று மட்டும் எழுதி வைத்தால் அது எந்த ஆக்சைடு என்று உங்களுக்கே தெரியாது.

நான்காவது: ஒன்று போதாது, நான்கு செய்யுங்கள்

எல்லைகள் தெரிந்ததும் நடுவில் ஒன்றைத் தேர்ந்து நிறுத்திக்கொள்ள மனம் சொல்லும். கேட்காதீர்கள். ஒரே தொகுதியில் உலர்த்திய பொடியை நான்காகப் பிரித்து, 100 டிகிரி இடைவெளியில் நான்கு வெப்பநிலைகளில் நீற்றுங்கள். வெவ்வேறு நாளில் செய்த தொகுதிகளைக் கலந்து ஒப்பிட வேண்டாம். நீற்றாத பொடியிலும் கொஞ்சம் எடுத்து வையுங்கள், பிறகு கட்டாயம் தேவைப்படும்.

நேரத்தை மாற்றிப் பார்ப்பதற்கு அவ்வளவு அவசரமில்லை. சின்டரிங் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேகமாக நடந்து, பிறகு மெதுவாகும். 4 மணியை 6 மணியாக்கினால் வரும் வேறுபாட்டைவிட, 50 டிகிரி கூட்டினால் வருவது பெரிதாக இருக்கும்.

ஐந்தாவது: உலை

பெரும்பாலான கோளாறுகள் பிறக்கும் இடம் இது. கட்டுரைகளில் இதற்கு அரை வரிகூட ஒதுக்கமாட்டார்கள்.

முதலில் உங்கள் மஃபிள் உலையை நம்பாதீர்கள். திரையில் தெரியும் எண், பின்சுவரில் பொருத்திய தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி இருக்கும் இடத்தின் வெப்பநிலை. கதவோரம் அதைவிடக் குறைவாக இருக்கும். கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்றை, குரூசிபிள் வைக்கும் இடத்திலேயே வைத்து ஒருமுறை சரிபாருங்கள். 20, 30 டிகிரி வேறுபட்டால் வியக்க வேண்டாம், குறித்துக்கொண்டு எப்போதும் அதே இடத்தில் வையுங்கள். உலை நிர்ணயித்த வெப்பநிலையைத் தாண்டிக் குதித்துவிட்டு இறங்குகிறதா என்றும் பாருங்கள். 10 நிமிடம் 40 டிகிரி கூடுதலாக இருந்தாலே சில பொடிகளுக்குப் போதும்.

குரூசிபிள் அலுமினாவா, பீங்கானா, குவார்ட்சா என்று பாருங்கள். கார உலோகம் நிறைந்த மாதிரி சூட்டில் பீங்கானையும் குவார்ட்சையும் அரிக்கும். வனேடியா அதிகம் ஏற்றிய மாதிரி ஒன்றை நான் ஒருமுறை 700 டிகிரிக்கு அனுப்பிவிட்டேன். உருகுநிலை 690 என்பதை அதற்கு மறுநாள்தான் தேடிப் பார்த்தேன். குரூசிபிளும் மாதிரியும் ஒன்றாகவே குப்பைக்குப் போயின.

பொடியின் தடிமனைக் கவனியுங்கள். ஆழமான குரூசிபிளில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு அமுக்கி, மூடியும் போட்டால், வெளியேறும் நீராவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நீராவி சின்டரிங்கை வேகப்படுத்தும். அகன்ற தட்டில் சில மில்லிமீட்டர் உயரத்துக்குப் பரப்பிய அதே பொடி, அதே 500 டிகிரியில் வேறு பரப்பளவோடு வெளியே வரும். இரண்டு பேர் ஒரே செய்முறையில் செய்து ஒத்துவராமல் போனால், நான் முதலில் கேட்பது எந்தப் பாத்திரத்தில் வைத்தீர்கள் என்பதைத்தான்.

சூடேற்றும் வேகம்: நிமிடத்துக்கு 1 முதல் 5 டிகிரி. டிஜிஏ கோடு செங்குத்தாக இறங்கும் பகுதியில் 1 டிகிரிக்குக் குறைத்து, அங்கேயே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மேலே போனால் இன்னும் நல்லது. வாயு ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பாது. ஆக்சலேட், சிட்ரேட் போன்றவை காற்றில் எரியும்போது வெப்பத்தை உமிழும் என்பதால் அவற்றுக்கு இந்தப் பொறுமை கட்டாயம்.

அப்புறம் வாயு. அசையாத காற்று, ஓடும் காற்று, நைட்ரஜன் மூன்றும் ஒன்றல்ல. கரிமப் பொருள் இருக்கும் மாதிரியை நைட்ரஜனில் சூடாக்கினால் கரி தங்கும், சில உலோகங்கள் ஒடுக்கமும் அடையும். நைட்ரேட்டுகளில் வேடிக்கையான ஒரு செய்தி உண்டு. சிலிக்கா மேல் நிக்கல் நைட்ரேட்டை ஏற்றிக் காற்றில் நீற்றினால், சிதையும்போது அது நகர்ந்து பெரிய கட்டிகளாகச் சேர்ந்துவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல், நைட்ரிக் ஆக்சைடு கலந்த வாயுவில் நீற்றினால் சிறு துகள்களாகவே பரவி நிற்கும் என்று காட்டினார்கள். வெப்பநிலையைத் தொடாமல், வாயுவை மட்டும் மாற்றியே. இதை வீட்டுப் பாடமாகச் செய்துபார்க்கச் சொல்லவில்லை, அந்த வாயு நஞ்சு. காற்றோட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன். நைட்ரேட் சிதைவில் வரும் பழுப்புப் புகையும் நஞ்சுதான். உலையின் புகைபோக்கி, ஃபியூம் ஹூட் என்ற புகை உறிஞ்சும் அடைப்புக்குள் போகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

குளிர்விப்பது பெரும்பாலும் தொல்லை தராது. உலையை அணைத்துவிட்டு 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்காமல் விடுங்கள்.

ஆறாவது: வெளியே எடுத்ததும்

கருவிக்கு அனுப்பும் முன் கண்ணால் பாருங்கள், எடை போடுங்கள். வெள்ளையாக வர வேண்டிய டைட்டானியா சாம்பல் நிறத்தில் வந்தால் கரி மிச்சம். துத்தநாக ஆக்சைடு சூடாக இருக்கும்போது மஞ்சளாக இருந்து ஆறியதும் வெள்ளையாவது இயல்பு, பயப்பட வேண்டாம். நிக்கல் ஆக்சைடு குறைந்த சூட்டில் கறுப்பாகவும், மிக அதிகச் சூட்டில் பச்சையாகவும் வரும். குறைந்த சூட்டில் அதில் ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக இருப்பதுதான் காரணம்.

அடுத்து எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்கதிர் விளிம்பு விளைவு அளவீடு. எந்தப் படிக வடிவம் என்பதைச் சிகரங்களின் இடம் சொல்லும். செம்பு தரும் எக்ஸ்கதிரில் அனடேஸின் முதன்மைச் சிகரம் 25.3 டிகிரிக் கோணத்தில், ரூட்டைலுடையது 27.4 டிகிரிக் கோணத்தில். சிகரத்தின் அகலம் படிகத்தின் அளவைச் சொல்லும். இதற்கான ஷெரர் சமன்பாடு 1918இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது: 0.9ஐக் கதிரின் அலைநீளத்தால் பெருக்கி, ரேடியனில் எழுதிய அரையுயர அகலத்தாலும் சிகரக் கோணத்தின் பாதியின் கொசைனாலும் வகுக்க வேண்டும். அனடேஸ் சிகரத்தின் அகலம் 0.8 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அது 0.01396 ரேடியன். அலைநீளம் 0.15406 நானோமீட்டர், 12.65 டிகிரியின் கொசைன் 0.976. விடை ஏறத்தாழ 10 நானோமீட்டர். கருவியே தரும் அகலத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். அகலத்தை டிகிரியிலேயே போட்டுவிட்டு, படிகம் அணுவைவிடச் சின்னது என்று விடை வந்து விழிப்பது எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும்.

பரப்பளவை நைட்ரஜன் உறிஞ்சலால் அளப்பார்கள். புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938இல் வெளியிட்ட முறை என்பதால் பெட் பரப்பளவு என்று பெயர். அளக்கும் முன் மாதிரியை வெற்றிடத்தில் சூடாக்கி ஈரம் நீக்குவார்கள். அந்தச் சூடு, நீங்கள் நீற்றிய வெப்பநிலையைத் தாண்டவே கூடாது. நீற்றாத பொடிக்கு 100 டிகிரிகூட அதிகமாகலாம்.

இரண்டு எண்களும் கையில் இருந்தால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கலாம். 6000ஐ, ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அடர்த்தியாலும், நானோமீட்டரில் படிக அளவாலும் வகுத்தால், தனித்தனி உருண்டைகளாக இருந்தால் கிராமுக்குக் கிடைக்க வேண்டிய பரப்பு சதுர மீட்டரில் வரும். அனடேஸின் அடர்த்தி 3.9, 10 நானோமீட்டர் படிகத்துக்குக் கிராமுக்கு 154 சதுர மீட்டர். பெட் அளவு 60 என்று வந்தால், படிகங்கள் சிறிதாக இருந்தும் ஒன்றோடொன்று இறுக ஒட்டி, பாதிக்கு மேல் பரப்பை மறைத்துக்கொண்டிருக்கின்றன. ஆக, அடுத்த முறை மாற்ற வேண்டியது வெப்பநிலையாக இல்லாமல், உலர்த்தும் விதமாக இருக்கலாம்.

ஏழாவது: வினையில் பாருங்கள்

இதுவரை பரப்பைக் காப்பதே குறிக்கோள் என்பது போல எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. ஹாப்கலைட் என்ற செம்பு, மாங்கனீஸ் கலப்பு ஆக்சைடை முதல் உலகப் போர்க் காலத்தில் கார்பன் மோனாக்சைடை நீக்கும் முகமூடிகளுக்காக உருவாக்கினார்கள். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் அது, ஒழுங்கற்ற நிலையில் இருக்கும்போதுதான் சுறுசுறுப்பு. 500 டிகிரி அளவில் படிகமாகிவிட்டால் மந்தமாகிவிடும். அங்கே குறைந்த சூடுதான் சரி.

இதற்கு நேர்மாறு, ஜிர்கோனியா மேல் ஏற்றிய டங்ஸ்டன் ஆக்சைடு. இதை வலுவான அமில வினையூக்கியாக 1988இல் அறிவித்தவர்கள் ஹினோ, அராட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள். 800 டிகிரியை ஒட்டி நீற்றினால்தான் அது வலிமை பெறும். ஜிர்கோனியாவின் பரப்பு சுருங்கச் சுருங்க, மேலே இருக்கும் டங்ஸ்டன் நெருக்கமாகி ஒன்றோடொன்று இணைகிறது. அமிலத் தளங்கள் அங்கேதான் பிறக்கின்றன. பரப்பளவை மட்டும் பார்த்து 500இல் நிறுத்தியவருக்கு இது கிடைத்திருக்காது.

எனவே நான்கு மாதிரிகளின் வினைவேகத்தையும் இரண்டு விதமாக எழுதுங்கள்: ஒரு கிராமுக்கு எவ்வளவு, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு. சூடு கூடக் கூடக் கிராமுக்கான வேகம் குறைந்து, சதுர மீட்டருக்கானது மாறாமல் இருந்தால், வெப்பம் பரப்பைத்தான் தின்றிருக்கிறது, தளங்களின் தன்மை அப்படியே இருக்கிறது. சதுர மீட்டருக்கான வேகமும் மாறினால் மேற்பரப்பே வேறாகியிருக்கிறது. எக்ஸ்ஆர்டியில் வடிவம் மாறியதா, நிறம் மாறியதா, சோடியம் மேலே வந்ததா என்று தேடத் தொடங்குங்கள். ஒப்பிடும்போது வினைபடுபொருள் மாறும் அளவு 10, 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நான்கு மாதிரியும் 98 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் எது நல்லது என்று சொல்லவே முடியாது.

வினையை முடித்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதையும் ஒருமுறை எக்ஸ்ஆர்டிக்கு அனுப்புங்கள். வினைக்கலத்தில் கழித்த மணிகளும் ஒரு நீற்றுதல்தான், அதுவும் பல நேரம் நீராவியோடு.

கடைசியாக, பாட்டிலில் ஒட்டும் சீட்டு. என் அலமாரியில் "டைட்டானியா 500" என்று எழுதிய இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றில் அனடேஸ் மட்டும், இன்னொன்றில் கொஞ்சம் ரூட்டைல். எதை எந்த உலையில், எந்தத் தட்டில், எவ்வளவு தடிமனில் வைத்தேன் என்று இரண்டிலும் எழுதவில்லை. நீங்கள் வெப்பநிலை, நேரம், ஏற்றிய வேகம், வாயு, பாத்திரம், பொடியின் எடை, தொகுதி எண், தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். மக்னீசியா, லாந்தனா போன்றவை காற்றிலிருந்து நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அவற்றை இறுக மூடி வைத்து, சோதனைக்கு முன் இன்னொருமுறை சூடாக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டையும் சீட்டில் சேர்க்க வேண்டும்.